ஈரப்பத உணரியின் பரப்பில் பாலிமர் படலத்தை ஒளியால் பிணைப்பது எப்படி: முதன்முறை செய்வோருக்கான வழிகாட்டி

நான் முதலில் செய்த பதினொரு ஈரப்பத உணரிகளும் மேசைமேல் இருந்தவரை சரியாகவே வேலை செய்தன. அவற்றில் ஒன்றைக் காய்ச்சி வடித்த நீரில் இட்டு வைத்தேன். ஒரு நிமிடத்துக்குள் படலத்தின் ஓரம் மெல்லச் சுருண்டது; பிறகு முழுப் படலமும் வெங்காயத் தோல் உரிவதுபோல் கழன்று நீரில் மிதந்தது. படலத்தில் ஒளி பட்டதும் இறுகும் வினையைத் தொடக்கும் ஒளித்தூண்டியைக் கூட்டினேன், ஒளியூட்டும் நேரத்தை இரட்டித்தேன், பாலிமர்ச் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் குறுக்குப்பிணைப்பியைக் கூட்டினேன். ஒவ்வொரு முறையும் முன்னைவிடக் கெட்டியான படலம் அதேபோல் முழுதாகக் கழன்றது. குறை படலத்தில் இல்லை, அதற்கு அடியில் இருந்த பரப்பில்தான் என்று தெரிய நான்கு மாதங்கள் ஆயின. அந்த நான்கு மாதங்கள் உங்களுக்கு மிச்சமாக வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

இங்கே நான் விளக்குவது மின்தடை வகை ஈரப்பத உணரி. சீப்பின் பற்கள்போல ஒன்றுக்குள் ஒன்று கோத்த இரண்டு மின்முனைகளின்மேல் அயனிகளைக் கொண்ட பாலிமர் படலம் இருக்கும். காற்றிலுள்ள நீராவியை அது உறிஞ்சும்போது அயனிகள் எளிதில் நகரும், மின்மறிப்பு (மாறுமின்னோட்டத்துக்குப் படலம் தரும் தடை) குறையும். நீரை விரும்பும் பாலிமர் என்பதாலேயே அது நீரில் வீங்கும், பிணைக்காவிட்டால் பனித்துளி பட்டாலும் பெயரும். ஆகவே பரப்பில் முதலில் சிலேன் என்ற சிலிக்கான் சேர்மத்தின் அடுக்கை நங்கூரமாக இறக்கி, அதன் மறுமுனையில் இருக்கும் மெத்தாக்ரிலேட் தொகுதியைப் படலத்தோடு சேர்த்துப் புற ஊதா ஒளியால் இறுகச் செய்ய வேண்டும்.

1. பரப்பைத் தேர்ந்தெடுங்கள்

சிலேன் பிடித்துக்கொள்வது ஆக்சைடுப் பரப்புகளில் இருக்கும் ஹைட்ராக்சில் தொகுதிகளை. கண்ணாடி, சிலிக்கா, அலுமினா ஆகிய மூன்றும் இதற்கு நல்லவை. தங்கத்தில் மெத்தாக்ரிலேட் சிலேன் பிணையாது. அலுமினாவின்மேல் தங்க மின்முனைகள் கொண்ட உணரியில் படலம் உண்மையில் மின்முனைகளுக்கு இடையிலுள்ள அலுமினா இடைவெளிகளைப் பற்றிக்கொண்டுதான் நிற்கிறது. மின்முனைகள் அகலமாகவும் இடைவெளிகள் குறுகலாகவும் இருந்தால் பிடிமானம் குறையும். தங்கத்தின்மேலும் பிடிப்பு வேண்டுமென்றால் தயோல் என்ற கந்தகத் தொகுதி கொண்ட தனி நங்கூரம் தேவைப்படும். முதல் முயற்சியில் அதைச் சேர்க்காதீர்கள்.

பிசிபி எனும் மின்சுற்றுப் பலகையில் தங்க முலாம் பூசிய மின்முனைகளைச் செய்து வாங்குவது மிகவும் மலிவு. ஆனால் அதன் அடிப்பரப்பு எபாக்சி. பிளாஸ்மாவால் (மின்னேற்றப்பட்ட வாயுவால்) சுத்தம் செய்த பிறகும் கண்ணாடியில் கிடைக்கும் பிடிப்பு அதில் கிடைக்காது. முலாமில் ஊசித்துளை இருந்தால் படலத்திலுள்ள குளோரைடு அடியிலுள்ள செம்பை அரிக்கும். வெள்ளி மின்முனையை முற்றிலும் தவிர்த்துவிடுங்கள். ஈரத்தில் வெள்ளி அயனிகள் இடம்பெயர்ந்து இரு மின்முனைகளையும் இணைத்துவிடும்.

உணரியைத் தொடுவதற்கு முன் சாதாரண நுண்ணோக்கிக் கண்ணாடித் தகடுகள் ஒரு பெட்டி வாங்கி, ஐந்தாம் படியிலிருந்து எட்டாம் படிவரை அவற்றில் பழகுங்கள். ஒரு தகட்டின் விலை சில ரூபாய். ஒரு அலுமினா உணரித் தகட்டின் விலை அதைப் போலப் பல மடங்கு.

2. ஆவணங்களும் கொள்முதலும்

வேதிப்பொருள்களை வணிகப் பெயரால் கேட்காதீர்கள், ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் தனியாக உள்ள சி.ஏ.எஸ். பதிவெண்ணால் கேளுங்கள். ஒளித்தூண்டிகளின் வணிகப் பெயர்கள் மாறிவிட்டன. பழைய கட்டுரைகளில் இர்காக்யூர் 651 என்று இருப்பது இப்போது ஓம்னிராட் என்ற பெயரிலும் விற்கப்படுகிறது. இந்த வேலைக்கு வேண்டியவை: 3-(டிரைமெத்தாக்சிசிலைல்)புரொப்பைல் மெத்தாக்ரிலேட் சிலேன், எண் 2530-85-0, 2-ஹைட்ராக்சிஎத்தில் மெத்தாக்ரிலேட், சுருக்கமாக ஹீமா, எண் 868-77-9, அயனி தரும் மோனோமராகிய, அதாவது பாலிமராகச் சேரும் சிறு மூலக்கூறாகிய, மெத்தாக்ரிலாயிலாக்சிஎத்தில் டிரைமெத்தில் அம்மோனியம் குளோரைடு, எண் 5039-78-1, இது நீர்க்கரைசலாகவே வரும், குறுக்குப்பிணைப்பியாகப் பாலிஎத்திலீன் கிளைக்கால் டைஆக்ரிலேட், எண் 26570-48-9, ஒளித்தூண்டியாக 2,2-டைமெத்தாக்சி-2-பினைல்அசிட்டோபீனோன், எண் 24650-42-8.

உங்கள் நிறுவனம் மூன்று விலைப்புள்ளிகள் கேட்குமானால், மூன்றிலும் ஒரே எண், ஒரே தூய்மை, ஒரே அளவு இருக்கிறதா என்று நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். இவற்றில் ஒன்று வேறுபட்டாலும் கோப்பு திரும்பி வரும், இரண்டு வாரம் போய்விடும். ஒவ்வொரு பொருளுக்கும் பாதுகாப்புத் தரவுத் தாளை வாங்கி, பொருள் வந்துசேருமுன்பே ஆய்வகப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் ஒப்புதல் பெறுங்கள். புட்டி எந்தத் தொகுதியில் தயாரானதோ அந்தத் தொகுதி எண்ணுக்குரிய பகுப்பாய்வுச் சான்றிதழையும் அச்செடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டுங்கள். மோனோமர் தானே இறுகாமல் காக்கும் தடுப்பான் அதில் எவ்வளவு கலந்திருக்கிறது என்பது அதில்தான் இருக்கும்.

செலவில் ஒரு முடிவை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: சிலேனைச் சிறிய புட்டியாக வாங்குங்கள். பெரிய புட்டியில் மில்லிலிட்டருக்கு ஆகும் விலை குறைவுதான், ஆனால் திறந்த நாளிலிருந்தே காற்றின் ஈரம் அதைக் கெடுக்கத் தொடங்குகிறது. என் நான்கு மாதத் தோல்விக்கு முதற்காரணம் ஆய்வக அலமாரியில் யாரோ எப்போதோ திறந்து வைத்திருந்த ஒரு புட்டி. அதில் திறந்த தேதி எழுதப்படவில்லை. உங்கள் புட்டியில் தேதியை எழுதி, உலர் நைட்ரஜன் ஊதி மூடி, ஈரமுறிஞ்சிப் பெட்டிக்குள் வையுங்கள்.

நீர்த்துளி பரப்பில் நிற்கும் கோணத்தை அளக்கும் தொடுகோணமானி, படலத் தடிமன் அளக்கும் கருவி போன்றவை உங்களிடம் இல்லாவிட்டால் வாங்க வேண்டாம். நாடெங்கும் உள்ள ஆய்வுக் கருவிகளைப் பட்டியலிடும் ஐ-ஸ்டெம் தளத்தில் தேடிக் கட்டணத்துக்குப் பதிவு செய்யலாம். முறை வரக் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதால், மாதிரி தயாரிக்கும் நாளை முடிவு செய்யுமுன் கருவிக்கான தேதியை உறுதி செய்துகொள்ளுங்கள்.

3. விளக்கு

சந்தையில் "புற ஊதா விளக்கு" என்று மலிவாகக் கிடைக்கும் எல்இடி விளக்குகளில் பல 395 நானோமீட்டர் ஒளி தருபவை. மேலே சொன்ன ஒளித்தூண்டி அந்த அலைநீளத்தில் மிகச் சொற்பமாகவே ஒளியை உறிஞ்சும். விளக்கு ஊதா நிறத்தில் பளிச்சென்று எரியும், கலவை திரவமாகவே கிடக்கும். 365 நானோமீட்டர் என்று தரவுத் தாளில் எழுத்தில் இருந்தால் மட்டும் வாங்குங்கள். 365 நானோமீட்டர் ஒளி சாதாரணக் கண்ணாடியை ஊடுருவும், 254 நானோமீட்டர் ஊடுருவாது. பாலிகார்பனேட் தகடுகள் 365-ஐயும் பெரும்பாலும் தடுத்துவிடும். ஒளியூட்டும் பெட்டிக்கு அந்த மூடியைப் போட்டுவிட்டு விளக்கைக் குறை சொல்ல வேண்டாம்.

ஒளிச்செறிவை அளக்காமல் நிமிடக் கணக்கில் மட்டும் எழுதி வைப்பது பயனற்றது. 365 நானோமீட்டருக்கு அளவுத்திருத்தம் செய்த ஒளிச்செறிவுமானியை இரவல் வாங்கியாவது மாதிரி இருக்கும் அதே உயரத்தில், நடுவிலும் நான்கு மூலைகளிலும் அளந்து படம் வரைந்து வையுங்கள். என் விளக்கில் நடுவில் சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிவாட், ஓரத்தில் 4. ஒரே தட்டில் வைத்த மாதிரிகளில் சில இறுகுவதும் சில பிசுபிசுப்பதும் ஏன் என்பது அன்றுதான் புரிந்தது. செறிவை நொடிகளால் பெருக்கினால் ஒளியளவு கிடைக்கும்: 10 மில்லிவாட், 180 நொடி என்றால் 1,800 மில்லிஜூல். குறிப்பேட்டில் இந்த எண்ணே இருக்க வேண்டும்.

4. சுத்தம்

தகடுகளைச் சோப்பு நீர், காய்ச்சி வடித்த நீர், அசிட்டோன், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் என்ற வரிசையில் ஒவ்வொன்றிலும் 5 நிமிடம் மீயொலித் தொட்டியில் வைத்து, நைட்ரஜன் ஊதி உலர்த்துங்கள். அசிட்டோனோடு நிறுத்திவிடாதீர்கள், அது காயும்போது அழுக்கை மெல்லிய வளையமாகப் பரப்பிலேயே விட்டுப் போகும். பிறகு புற ஊதா ஓசோன் கருவியில் 15 நிமிடம், அல்லது ஆக்சிஜன் பிளாஸ்மாவில் ஓரிரு நிமிடம்.

சல்பூரிக் அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த பிரானா கரைசலைப் பலர் பரிந்துரைப்பார்கள். தகட்டில் ஒட்டியிருக்கும் சிறிதளவு அசிட்டோன் பட்டாலும் அது வெடிக்கக்கூடும். புதிதாகத் தொடங்குபவர் அதன் பக்கம் போகவே வேண்டாம். இந்த வேலைக்கு ஓசோன் போதும்.

சுத்தமான தகட்டில் 5 மைக்ரோலிட்டர் நீர்த்துளி வைத்தால் அது நிற்காமல் பரவிவிட வேண்டும். குவிந்து நின்றால் மறுபடி முதலிலிருந்து. சுத்தம் செய்த பரப்பு காற்றில் வெகுநேரம் அப்படியே நிற்காது, காற்றிலுள்ள கரிமப் பொருள்கள் படியத் தொடங்கும். எனவே அரை மணி நேரத்துக்குள் அடுத்த படிக்குப் போய்விடுங்கள்.

5. சிலேன் நங்கூரம்

வேலை நிலைப்பதா கெடுவதா என்பது இந்தப் படியில்தான் முடிவாகிறது, ஆகவே அவசரப்படாமல் படியுங்கள்.

95 பங்கு எத்தனால், 5 பங்கு நீர் கலந்து, அசிட்டிக் அமிலத்தைத் துளித்துளியாக விட்டுப் பிஎச் அளவை 4.5-க்கும் 5.5-க்கும் இடையே கொண்டுவாருங்கள். கிளறிக்கொண்டே 2 சதவீத அளவுக்குச் சிலேனைச் சேருங்கள். சிலேனிலுள்ள மெத்தாக்சித் தொகுதிகள் நீரால் பிளந்து சிலனாலாக மாற 5 நிமிடம் கொடுங்கள். இதில் மெத்தனால் வெளிவரும் என்பதால் ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூட்டுக்குள் செய்ய வேண்டும். தகட்டை 2 நிமிடம் அமிழ்த்தி எடுத்து, எத்தனாலில் இரண்டு முறை நன்றாக அலசி, 110 டிகிரி ஓவனில் 10 நிமிடம் வையுங்கள். அந்தச் சூட்டில்தான் சிலனாலும் பரப்பும் நீரை இழந்து உறுதியாகப் பிணைகின்றன.

கரைசலைப் பீக்கருக்குப் பின்னால் அச்சடித்த தாளை வைத்துப் பாருங்கள். எழுத்து துலங்கித் தெரிந்தால் பயன்படுத்தலாம். பால் கலந்ததுபோல் லேசாக மங்கினாலும் கொட்டிவிடுங்கள். சிலேன் மூலக்கூறுகள் பரப்பைப் பிடிப்பதற்குப் பதில் தங்களுக்குள்ளேயே பிணைந்து துகளாகிவிட்டன என்று பொருள். மங்கிய கரைசலில் நனைத்த தகடு வெறுங்கண்ணுக்கு நன்றாகவே தெரியும், தொடுகோணமும் சரியாகவே வரும், ஆனால் தளர்வாகப் படிந்த அந்தப் பொடி அடுக்கின்மேல் கட்டிய படலம் அடுக்கோடு சேர்ந்து பெயர்ந்து வரும். காலையில் செய்த கரைசலை மாலையில் பயன்படுத்தியது என்னுடைய இரண்டாவது தவறு. ஒரு மணி நேரத்துக்குமேல் அதை வைக்காதீர்கள். செறிவைக் கூட்டினால் பிடிப்பு கூடும் என்றும் எண்ண வேண்டாம். தடித்த சிலேன் அடுக்கு தானே உடையும்.

ஓவனிலிருந்து எடுத்த தகட்டில் மறுபடி நீர்த்துளி வைத்துப் பக்கவாட்டில் கைப்பேசியால் படமெடுங்கள். முன்பு பரவிய துளி இப்போது ஏறத்தாழ 60 டிகிரி கோணத்தில் குவிந்து நிற்கும். தகட்டின் ஐந்து இடங்களில் பாருங்கள். ஓரிடத்தில் 60, ஓரிடத்தில் 30 என்றால் அந்தத் தகடு வேண்டாம். நல்ல தகடுகளை அலுமினியத் தாளில் சுற்றி, உலர்ந்த பெட்டியில் வைத்து, மறுநாளுக்குள் பயன்படுத்திவிடுங்கள்.

6. கலவை

நான் பயன்படுத்தும் அளவு, 10 கிராமுக்கு: ஹீமா 6 கிராம், அயனி மோனோமரின் நீர்க்கரைசல் 3 கிராம், குறுக்குப்பிணைப்பி 1 கிராம், ஒளித்தூண்டி 0.1 கிராம். ஒளித்தூண்டி நீரில் கரையாது. முதலில் அதை ஹீமாவில் முழுதாகக் கரைத்து, பிறகு குறுக்குப்பிணைப்பியையும் கடைசியாக அயனிக் கரைசலையும் சேருங்கள். பழுப்புப் புட்டியில் வைத்து அன்றே பயன்படுத்துங்கள். அயனி மோனோமரைக் கூட்டினால் மின்மறிப்பு குறைந்து அளவீடு எளிதாகும், ஆனால் படலம் நீரில் அதிகம் வீங்கி, அந்த இழுவிசை முழுவதும் ஓரங்களில் நங்கூரத்தைப் பிய்க்கப் பார்க்கும். குறுக்குப்பிணைப்பியைக் கூட்டினால் வீக்கம் குறையும், கூடவே உணர்திறனும் குறையும். அயனிக் கரைசல் 3-க்குக் குறுக்குப்பிணைப்பி 1 என்ற விகிதத்தில் தொடங்கி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

மோனோமர்களில் கலந்திருக்கும் தடுப்பான் வேலை செய்ய ஆக்சிஜன் தேவை. ஆகவே மோனோமர்ப் புட்டியைச் சிலேன் புட்டியைப்போல நைட்ரஜன் ஊதி மூடினால் அது உள்ளேயே இறுகிப்போகலாம். இரண்டு புட்டிகளுக்கும் நேரெதிரான விதி என்பதை அலமாரிக் கதவிலேயே எழுதி ஒட்டுங்கள்.

கையுறை பற்றியும் சொல்ல வேண்டும். ஹீமா மெல்லிய நைட்ரைல் கையுறையைச் சில நிமிடங்களில் ஊடுருவும். ஒருமுறை தோல் ஒவ்வாமை வந்துவிட்டால் அது வாழ்நாள் முழுவதும் தொடரக்கூடியது, பல் மருத்துவத்திலும் நகப்பூச்சிலும் உள்ள அதே பொருள் பிற்காலத்தில் உங்களைப் படுத்தும். இரட்டைக் கையுறை அணிந்து, துளி பட்டதும் மாற்றிவிடுங்கள்.

7. பூசுதலும் ஒளியூட்டலும்

ஆக்சிஜன் இந்த வினையின் எதிரி. திறந்த காற்றில் ஒளியூட்டினால் மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே இருக்கும். படலம் மெல்லியதாக ஆக ஆக இந்தத் தொல்லை கூடும். இதற்கு எளிய வழி, சிலிக்கோன் பூசிய பாலியெஸ்டர்த் தாளால் மூடுவது. ஸ்டிக்கர்களின் பின்புறம் வரும் வழுவழுப்பான ஒளிபுகும் தாள் அதுவே. 365 நானோமீட்டர் ஒளியை விடும், காற்றைத் தடுக்கும், பின்னர் எளிதில் உரியும். பிடிஎம்எஸ் எனும் சிலிக்கோன் ரப்பர்த் துண்டை மூடியாக வைக்காதீர்கள், அதனூடே ஆக்சிஜன் தாராளமாக வரும்.

தடிமனைத் துளியின் அளவால் தீர்மானிக்கலாம். ஒரு சதுர சென்டிமீட்டர்ப் பரப்பில் 10 மைக்ரான் படலத்துக்குச் சரியாக 1 மைக்ரோலிட்டர் தேவை. நீராவி ஊடுருவ ஆகும் நேரம் தடிமனின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 10 மைக்ரானுக்குப் பதில் 50 மைக்ரான் பூசினால் உணரி 25 மடங்கு மந்தமாகும். துளியை நடுவில் வைத்து, தாளை ஒரு ஓரத்திலிருந்து சாய்த்து இறக்கினால் காற்றுக்குமிழி சிக்காது. மேலே ஒரு கண்ணாடித் தகட்டை வைத்து, திரவம் ஓரம்வரை பரவும்வரை காத்திருங்கள். பிறகு 1,800 மில்லிஜூல் ஒளியூட்டுங்கள். முதல் தடவை 600, 1,200, 1,800, 3,600 என்று நான்கு அளவுகளில் செய்து, எட்டாம் படிச் சோதனையில் தேறுவனவற்றுள் மிகக் குறைந்ததற்குச் சற்று மேலே நில்லுங்கள். கண்ணுக்கு 365 நானோமீட்டரைத் தடுக்கும் காப்புக் கண்ணாடி கட்டாயம்.

தாளை மெதுவாக, தகட்டோடு ஒட்டிய கோணத்தில் உரியுங்கள். செங்குத்தாக இழுத்தால் நல்ல படலமும் கிழியும்.

ஏற்கெனவே தயாரான பாலிமரைக் கரைத்துச் சுழற்றிப் பூச விரும்பினால், பென்சோபீனோன் தொகுதியைக் கொண்ட பாலிமர் வேண்டும். 365 நானோமீட்டர் ஒளி பட்டதும் அத்தொகுதி அருகிலுள்ள கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பிலிருந்து ஹைட்ரஜனைப் பறித்து அங்கே பிணைந்துகொள்ளும். மேலே சொன்ன அதே சிலேன் அடுக்கு அதற்கும் நங்கூரமாக உதவும். நூறு நானோமீட்டர் போன்ற மெல்லிய படலங்களுக்கு அந்த வழியே ஏற்றது. ஆனால் பாலிமரை நீங்களே தயாரிக்க நேரும் என்பதால் முதல் வழியில் கைபழகிய பிறகு அதற்குப் போங்கள்.

8. ஊறவைத்துச் சோதியுங்கள்

மின் அளவீட்டுக்கு முன் இதைச் செய்தாக வேண்டும். மூன்று தகடுகளைச் சேர்ந்தாற்போல் தயாரியுங்கள்: சிலேனும் ஒளியும் பெற்றது ஒன்று, சிலேன் இல்லாமல் ஒளி மட்டும் பெற்றது ஒன்று, சிலேன் இருந்து ஒளி பெறாதது ஒன்று. மூன்றையும் எத்தனாலில் ஒரு மணி நேரமும் நீரில் 24 மணி நேரமும் ஊற வையுங்கள். ஒளி பெறாதது கரைந்து போகும். சிலேன் இல்லாதது முழுதாகக் கழன்று மிதக்கும். முதல் தகடு மட்டும் வீங்கி, ஓரம் உயராமல் நிற்க வேண்டும். சிலேன் இல்லாத தகடும் தப்பி நின்றால் மகிழ வேண்டாம். சோதனை போதுமான கடுமையில் இல்லை, 60 டிகிரி நீரில் மறுபடி செய்யுங்கள். இந்த ஊறல் இணையாத மோனோமரையும் வெளியேற்றும். அதை வெளியேற்றாமல் அளந்தால் உணரியின் அளவு நாளுக்கு நாள் நகர்ந்துகொண்டே போகும்.

உலர்ந்த படலத்தில் கட்டம் கீறி ஒட்டுநாடா இழுக்கும் சோதனையையும் செய்யலாம். அறிக்கையில் எந்தத் தரத்தின்படி என்று எழுத மறக்காதீர்கள்: ஐஎஸ்ஓ 2409-இல் 0 மிகச் சிறந்தது, 5 மிக மோசம், ஏஎஸ்டிஎம் டி3359-இல் 5பி மிகச் சிறந்தது, 0பி மிக மோசம்.

9. ஈரப்பத அளவீடு

மூடிய கண்ணாடிச் சாடிகளில் தெவிட்டிய உப்புக் கரைசல்களை அடியில் கொஞ்சம் கரையாத உப்பு தெரியும்படி செய்து ஒரு நாள் முன்னதாகவே வையுங்கள். 25 டிகிரியில் லித்தியம் குளோரைடு 11.3 சதவீத ஒப்பு ஈரப்பதம் தரும்; மக்னீசியம் குளோரைடு 32.8, மக்னீசியம் நைட்ரேட் 52.9, சோடியம் குளோரைடு 75.3, பொட்டாசியம் குளோரைடு 84.3, பொட்டாசியம் சல்பேட் 97.3. சாடிக்குள் வைக்கும் ஒப்பீட்டு ஈரப்பதமானிக்கு ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் என்ஏபிஎல் வாரியத்தின் ஒப்புதல் பெற்ற ஆய்வகத்தின் அளவுத்திருத்தச் சான்றிதழ் இருக்க வேண்டும். ஆய்வேட்டிலும் கட்டுரையிலும் முதலில் கேட்கப்படும் தாள் அது. அறை வெப்பநிலை ஒரு டிகிரி மாறினாலே 50 சதவீத ஈரப்பதம் சுமார் 3 புள்ளிகள் நகரும் என்பதால் சாடிகளை நீர்த்தொட்டியில் நிறுத்துங்கள்.

மின்மறிப்பை அளக்கும் எல்சிஆர் மீட்டரில் 1 கிலோஹெர்ட்ஸ், 1 வோல்ட் மாறுமின்னழுத்தத்தில் அளவிடுங்கள். சாதாரண மல்டிமீட்டரின் நேர்மின்னோட்டம் அயனிகளை ஒரு பக்கமாகத் தள்ளிப் படலத்தையே கெடுத்துவிடும். ஒவ்வொரு சாடியிலும் குறைந்தது அரை மணி நேரம் விட்டு, ஏறு வரிசையிலும் இறங்கு வரிசையிலும் அளந்து இரண்டையும் ஒரே வரைபடத்தில் இடுங்கள். பிறகு அதே உணரியை 24 மணி நேரம் நீரில் ஊறவைத்து, உலர்த்தி, முழு வரிசையையும் மீண்டும் அளவிடுங்கள். ஊறலுக்கு முன்னும் பின்னும் வரைந்த கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தினால் பிணைப்பு நிற்கிறது. உயர் ஈரப்பதத்தில் மட்டும் மின்மறிப்பு கூடியிருந்தால் படலம் எங்கோ பரப்பை விட்டு எழும்பியிருக்கிறது; நுண்ணோக்கியில் ஓரங்களைப் பாருங்கள், மின்முனைப் பற்களின் நுனியில் மெல்லிய வானவில் நிறப் பட்டை தெரியும். அப்படித் தெரிந்தால் ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள், ஆறாம் படிக்கு அல்ல.

எல்லாப் பொருளும் கையில் இருந்தால் சுத்தம் முதல் ஒளியூட்டல்வரை ஒரு நாள், ஊறலும் உலர்த்தலும் இரண்டு நாள், முதல் அளவீடு ஒரு நாள், மறு ஊறலும் மறு அளவீடும் இரண்டு நாள்: ஒரு சுற்றுக்கு ஆறு நாள். திங்களன்று சுத்தம் செய்யத் தொடங்கினால் சனிக்கிழமை இரண்டாவது கோடு கையில் இருக்கும். வெள்ளியன்று தொடங்காதீர்கள், அன்றே ஒளியூட்டல் முடியாவிட்டால் சிலேன் பூசிய தகடுகள் ஞாயிறுவரை காத்திருக்க நேரும்.